மழை பெய்யச் சொன்ன மனிதர்

கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம் கட்டினார்கள். ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்ப்பதற்கென்றே கட்டிய பாலம் அது. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்காக 1957இல் அதைத் தகர்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் படம் 7 ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. கித்துல்கலைக்குப் போகிறவர்களுக்கு இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். தமிழர்களாகிய நமக்கு அந்தப் பாலத்தைவிட முக்கியமான ஒரு காரியம் அந்தப் படப்பிடிப்பில் நடந்தது. பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர் கூட்டம் ஒன்று அங்கே நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்தில் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் உள்ள அமிர்தகழியைச் சேர்ந்த ஒரு பையனும் நின்றான்.

இயக்குநர் டேவிட் லீன் மழை வேண்டும் என்று குரல் கொடுத்தார். மழை கொட்டியது.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் இயக்குநரான பாலு மகேந்திரா. இதைத் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பேட்டிகளில் சொன்னார், மாணவர்களுக்குச் சொன்னார். கடவுள் மட்டுமே செய்யக்கூடியது என்று நினைத்திருந்த ஒன்றை ஒரு மனிதர் வாயால் சொல்லிச் செய்விக்கிறாரே என்று அந்தப் பையன் மலைத்துப்போனான். நானும் இந்த வேலையைத்தான் செய்யப்போகிறேன் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டான்.

இந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எழுதுகிற எல்லோரும் அந்த மழையின் மாயத்தில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் வேறொன்று தெரிகிறது. மழை பெய்கிற காட்சியை அந்தப் பையன் அதற்கு முன்பும் திரையில் பார்த்திருப்பான். திரையில் பெய்யும் மழை ஒரு பையனைப் பார்வையாளனாகத்தான் ஆக்கும். கித்துல்கலையில் அவன் கண்டது மழை பெய்விக்கப்படுவதை. குழாய் இருந்தது, தண்ணீர் இறைக்கும் பம்பு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள், அத்தனை பேரையும் ஒரு சொல்லால் இயக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். படம் என்பது மனிதர் கையால் செய்யப்படுகிற பொருள் என்று அவனுக்குத் தெரிந்த கணம் அது. கையால் செய்யப்படுகிற பொருள் என்றால் நம் கையாலும் செய்யலாம்.

அதே படப்பிடிப்பில் இன்னோர் இளைஞரும் சினிமாத் தொழிலை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று கண்டார். அவர் சந்திரன் ரத்னம். பிற்காலத்தில் ஹொலிவூட் படங்கள் பலவற்றை இலங்கைக்கு அழைத்துவந்தவரும், 'ரோட் ஃப்ரொம் எலிஃபன்ட் பாஸ்' போன்ற படங்களை இயக்கியவரும் அவர்தான். ஒரு படப்பிடிப்பு, இரண்டு இயக்குநர்கள். கல்கத்தாவிலும் இதுதான் நடந்தது. பிரெஞ்சு இயக்குநர் ஜோன் ரெனுவார் 'த ரிவர்' படம் எடுக்க வங்காளத்துக்கு வந்தபோது, விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய் அவருக்கு இடங்களைச் சுற்றிக் காட்டினார். அந்தப் படத்தில் வேலை கேட்டுக் கிடைக்காமல், படப்பிடிப்பை ஓரமாக நின்று பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்த இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர்தான் சுப்ரத மித்ரா. சில ஆண்டுகளில் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்தவர். அதற்கு முன் சினிமாக் கமெராவைக் கையாண்ட அனுபவம் அவருக்கு இல்லை.

ஒருவரை இயக்குநராக்குவது எது என்று கேட்டால் நல்ல படங்கள், பெரிய தியேட்டர், பிடித்த நடிகர் என்று பதில் வரும். அவை ரசிகரை உருவாக்கும். எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் படம் பார்க்காத தலைமுறை ஒன்றுகூட இல்லை. 80களில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார்கள். அத்தனை படம் பார்த்த ஊர்களிலிருந்து எத்தனை இயக்குநர்கள் வந்தார்கள்? படம் செய்யப்படுவதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அந்த முற்றங்களில் எவருக்கும் கிடைக்கவில்லை. படங்கள் அக்கரையில் எங்கோ ஓரிடத்தில் தாமாகவே விளைந்து வந்தன.

குச்சவெளியை வைத்துக்கொண்டுதான் இதை யோசிக்கிறேன். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் வருகிற ஊர். நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் தாண்டிப் போகவேண்டும். ஒரு காலத்தில் இந்த வழியில் களப்பு வாய்களை வாகனத்தோடு பாதையில் ஏறிக் கடந்தார்கள். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் களப்பும் காடும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை. கடலோரப் பாறையில் சிறு தூபிகளைச் செதுக்கி, அருகே வடமொழியில் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ ஒருவர் இந்தக் கரையில் தன் சுவடு நிலைக்கவேண்டும் என்று விரும்பியிருக்கிறார். பிரதேசத்தின் வடக்கெல்லையில் புல்மோட்டையில் கனிமணல் அள்ளுகிறார்கள். தெற்கே நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவு.

இன்று இந்தக் கரையைப் படம் எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. புறாமலையின் பவளப்பாறைகளையும் சுறாக்குட்டிகளையும் நீருக்குள்ளேயே எடுக்கிறார்கள். ட்ரோன் பறக்கவிட்டு நீலக் கடலையும் வெள்ளை மணலையும் எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரைக்கு உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் வந்தன. எடுத்தவர்கள் எல்லோரும் வந்து போனவர்கள். இந்தக் கரையில் பிறந்த ஒருவர் இந்தக் கரையை முழுநீளக் கதையாகச் சொன்ன படம் என்று ஒன்றைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. இந்த வெறுமை எனக்குப் பெரிய துயரம்.

திருகோணமலைக் கடல் ஒருவரை இயக்குநராக்கிய கதை இருக்கிறது. அவர் இந்த ஊர்க்காரர் அல்லர், ஆங்கிலேயர். பெயர் மைக் வில்சன். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர். இருவரும் நீரடியில் மூழ்கும் ஆசையில் 1956இல் இலங்கைக்கு வந்தார்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடியில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் வில்சன் கண்டார். அந்த அனுபவத்தை கிளார்க் 'த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்' என்ற புத்தகத்தில் எழுதினார். வில்சனுக்குப் புத்தகம் போதவில்லை. தான் கண்டதை மற்றவர்களும் காணவேண்டும் என்று தோன்றிவிட்டது. 1962இல் 'ரன்முத்து துவ' வந்தது. கடலடிப் புதையலைச் சுற்றிய கதை. சிங்களத்தின் முதல் வர்ணப் படம். காமினி பொன்சேகா நடித்தார், கிளார்க் பணம் போட்டார், திருகோணமலைக் கடலுக்குள்ளேயே கமெராவை இறக்கினார்கள். படம் நாடு முழுவதும் ஓகோ என்று ஓடியது. வில்சன் மேலும் படங்கள் எடுத்தார், பிறகு கதிர்காமக் கந்தன்மேல் பற்றுக்கொண்டு சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார். அவருக்குப் பணம் போட்ட கிளார்க் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை எழுதினார். 1968இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்து உலகெங்கும் இயக்குநரானவர்கள் பலர்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான். அந்தக் கற்கள் அங்கே கிடக்கின்றன என்று கரையில் வாழ்ந்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். சங்கு குளித்தவர்கள் கையால் தொட்டும் இருப்பார்கள். காணாத ஒருவர் வந்து கண்டு, வியந்து, அந்த வியப்பு ஆறும் முன்பே கமெராவைத் தூக்கினார். தினமும் காண்கிறவருக்கு வியப்பு பழகிப்போகிறது. படம் எடுக்கத் தொடங்கும் ஒருவர் முதலில் செய்யவேண்டியது தன் ஊரை முதல்முறை காண்பவர்போல் காணப் பழகுவது. இது சொல்லச் சுலபம். வெளியூர்க்காரருக்கு அந்தக் கண் இலவசமாகக் கிடைக்கிறது, ஊர்க்காரர் உழைத்துத்தான் பெறவேண்டும்.

பாலு மகேந்திரா அதை உழைத்துப் பெற்றார். பள்ளிக் காலத்திலேயே ஓர் ஆசிரியரின் தூண்டுதலால் 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'பட்டில்ஷிப் பொட்டெம்கின்' போன்ற படங்களைப் பார்த்தவர். கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞர், இலங்கை வானொலியில் நாடக நடிகர், சிற்றிதழ் ஆசிரியர் என்று இருந்தார். கித்துல்கலையில் பட்ட பொறி மட்டும் அணையவில்லை. பூனா திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தார். ராமு காரியாட்டின் 'நெல்லு' அவர் ஒளிப்பதிவு செய்த முதல் படம். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா' இயக்கினார். 1979இல் தமிழுக்கு 'அழியாத கோலங்கள்'. ஆற்றில் குளித்து, வரம்பில் நடந்து, பெரியவர்களுக்குத் தெரியாமல் வளர்கிற மூன்று பையன்களின் கதை. அதில் தன் சொந்தப் பதின்பருவம் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஈழத்தில் எடுத்த படமல்ல. ஆனாலும் அமிர்தகழியின் வெயில் அதில் காய்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

'வீடு' 1988இல் வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு. அவ்வளவுதான் கதை. தான் சிறுவனாக இருந்தபோது அம்மா வீடு கட்டப் பட்ட பாடும், அந்தக் காலத்தில் அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனதும்தான் அந்தப் படத்தின் வேர் என்று பாலு மகேந்திரா சொன்னார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. இதை நான் அடிக்கடி நினைக்கிறேன். கித்துல்கலையின் மழை அவருக்கு இந்தத் தொழிலைக் காட்டியது. எதைச் சொல்வது என்பதை அம்மாவின் முகம் காட்டியது. ஒரு பையனுக்கு முதலாவது மட்டும் கிடைத்தால் அவன் நல்ல தொழில்காரனாவான். இரண்டாவதும் கிடைத்தால்தான் 'வீடு' வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஈழத்தில் பிறந்த அந்தக் கலைஞர் ஈழத்தில் ஒரு படமும் எடுக்காமலே 2014 பெப்ரவரி 13ஆம் திகதி சென்னையில் மறைந்தார். அவருடைய பட்டறையிலிருந்து பாலா வந்தார், வெற்றிமாறன் வந்தார், ராம் வந்தார், சீனு ராமசாமி வந்தார். மதுரையும் சென்னையும் தேனியும் அவர் பிள்ளைகளின் கமெராவில் புதிதாகத் தெரிந்தன. அவர் பிறந்த கிழக்குக் கரை தெரியவில்லை.

இங்கே படம் எடுக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1962இல் 'சமுதாயம்', அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' என்று இலங்கைத் தமிழ்ச் சினிமா தொடங்கியது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா 1972இல் 'குத்துவிளக்கு' தந்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானது. காற்றுக்காலத்தில் வேற்றூர்க் கரைக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்யும் மீனவர்களின் கதை. மன்னாரின் பேசாலையில் எடுத்தார்கள். குச்சவெளிக் கரையில் வாடி போட்டவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது தன் வீட்டுக் கதைதான். யாழ்ப்பாணத்தில் தர்மசேன பத்திராஜ காவலூர் ராஜதுரையின் எழுத்தில் 'பொன்மணி' எடுத்தார். சிங்கள இயக்குநர் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் இவ்வளவு நிதானமாகப் பார்த்தது அன்றைக்கு நம்மவர்களுக்கு விளங்கவில்லை, படம் ஓடவில்லை. பத்திராஜ அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்த வகுப்புகளும் அந்தப் படப்பிடிப்பும் இன்னும் பத்தாண்டு தொடர்ந்திருந்தால் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள் என்று நினைக்க நெஞ்சு கனக்கிறது. 1983 யூலை இனக்கலவரத்தில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. பிறகு போர்.

போர்க்காலத்தில் ஈழத்துக் கதை அக்கரைக்குப் போனது. 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' மாங்குளத்தைக் காட்டியது, அந்த மாங்குளம் இந்தியாவில் எடுக்கப்பட்டது. 'தெனாலி' எங்கள் பேச்சைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியது. எங்கள் ஊர் வேறோர் ஊரில் அமைக்கப்பட்டு, எங்கள் பேச்சு வேறொருவர் வாயில் வந்ததைப் பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. இப்படிப் பார்ப்பதும் ஒருவரைப் படமெடுக்கத் தூண்டும். இது வேறு வகைத் தூண்டுதல். மழையைக் கண்டு மலைத்த பையனுக்கு வந்தது ஆசை. இவர்களுக்கு வந்தது, 'இது அப்படி இல்லையே' என்ற உறுத்தல். ரொறன்ரோவில் லெனின் எம். சிவம் '1999', 'எ கன் அன்ட் எ ரிங்' எடுத்ததும், பாரிஸில் பிரதீபன் ரவீந்திரன் குறும்படங்கள் எடுத்து கானுக்கும் பெர்லினுக்கும் போனதும் இந்த உறுத்தலால்தான் என்பது என் எண்ணம்.

ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' இன்னும் நெருக்கமான ஓரிடத்தில் பிறந்தது. 1983 யூலையில் அவர் 5 வயதுப் பிள்ளை. கொழும்பிலிருந்து வடக்கே தப்பியோடிய குடும்பத்தோடு ரயில் ஏறியவர். வளர்ந்து தகப்பனான பிறகும், தன் மகன் பொது இடத்தில் வாய்திறந்து தமிழில் பேசினால் அவருக்குள் பயம் எழுந்தது. அந்தப் பயத்தைத் தேடிப் போனதுதான் படம். 10 ஆண்டு உழைப்பு, 2017இல் கான் விழாவில் காட்டினார்கள். அவர் தமிழ் ஆயுத இயக்கங்களைப் பற்றிச் சொன்னதோடு உடன்படாத தமிழர்கள் பலர் உண்டு, கடுமையாகவே எழுதினார்கள். படம் தொடங்கிய இடம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையின் தமிழ் காதில் விழுந்ததும் பதறுகிற ஒரு தகப்பனை வேறெந்த நாட்டு இயக்குநரும் கற்பனை செய்துவிட முடியாது.

திருகோணமலையில் கமெராவைத் தூக்கியதற்கான விலையையும் இந்த இடத்தில் மறைக்கக் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி'யின் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சவச்சாலையில் அந்த உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் சினிமாக்காரர் அல்லர். ஆனால், கண்ணால் கண்டதை அப்படியே பதியவேண்டும் என்ற எண்ணம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்த மாவட்டத்தில் அவரைவிட வேறு சாட்சி தேவையில்லை. பிள்ளைக்குக் கமெரா வேண்டாம் என்று தாய்மார் சொன்ன காலம் அது. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு குச்சவெளிக் கரையில் கச்சான் காற்று அடிக்கும் மாதம் ஒன்றில் நின்று பாருங்கள். இந்தப் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும் காலம். கரைவலை வளைக்கிறார்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வலையை ஏற்றிய தோணி கடலுக்குள் போகிறது. பிறை வடிவில் வலையை இறக்கிக்கொண்டே போய் மறு தலைப்போடு தூரத்தில் கரை சேர்கிறது. பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கிறார்கள். மணலில் குதிகால் புதைய, முதுகு சாய, ஒரே தாளத்தில் அடி எடுத்துவைத்துப் பின்னே போகிறார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடி முன்னே வந்து பிடிக்கிறார். தாளம் பிசகாமல் இருக்க அம்பாப் பாட்டு இருந்தது. இப்போது பல கரைகளில் அது குறைந்துவிட்டது. இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று நெருங்கி வருகின்றன. மணிக்கணக்காகும். கடைசியாக மடி கரைக்கு வரும்போதுதான் பாடு என்ன என்று தெரியும். சில நாள் சூடையும் கீரியும் பாரையுமாக வெள்ளி கொட்டும். சில நாள் சொறியும் பாசியும்தான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முகத்தைப் பார்க்காமலே, இழுத்தவர்களின் தோள்களைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம்.

இதை எங்கே நின்று எடுப்பது? வருகிறவர்கள் ட்ரோனை மேலே விடுகிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது பிறை வடிவ வலை மிக அழகாகத் தெரிகிறது, மனிதர்கள் புள்ளிகளாகிவிடுகிறார்கள். கயிற்றைப் பிடித்த தகப்பனுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளை இதை எடுத்தால் அவர் கையைத்தான் எடுக்கும். கயிறு அறுத்துக் காய்த்த உள்ளங்கையை எடுக்கும். அல்லது கடைசி ஆள் கயிற்றை விட்டு ஓடி வரும் அந்த நாலைந்து அடியை எடுக்கும். அவருக்கு மூச்சுவிடக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த அறிவை எந்தத் திரைப்படக் கல்லூரியும் சொல்லித்தர முடியாது. மற்ற எல்லாவற்றையும் சொல்லித்தர முடியும், சொல்லித்தரவும் வேண்டும்.

கருவி இனி ஒரு தடையல்ல. 2015இல் அமெரிக்காவில் ஷோன் பேக்கர் 'டான்ஜரின்' படத்தை ஐபோனிலேயே எடுத்துத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். எங்கள் மதிசுதா 'வெந்து தணிந்தது காடு' எடுத்ததும் கைத்தொலைபேசியில்தான். ஊர்களில் கல்யாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் வீடியோ எடுக்கும் பெடியன்களைக் குறைவாக எடைபோட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பார்க்கவேண்டும் என்பதற்காக எடுக்கப்படும் அந்த வீடியோக்களில் அவர்கள் வெளிச்சம் படித்தார்கள், வெட்டி ஒட்டப் படித்தார்கள், அழுகிற தாயின் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று படித்தார்கள். குறைவது, அதற்கு அடுத்த படி. நல்ல படப்பிடிப்பு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்கும் நாள்.

அதற்கு வழி இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், குச்சவெளிக்குப் போகும் அதே கடலோர வீதியில் இருக்கிறது. தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் அங்கே இருக்கிறது. அந்த மாணவர்கள் தங்கள் பயிற்சிப் படங்களை வளாகச் சுவருக்குள் எடுக்காமல் இறக்கக்கண்டியிலும் கும்புறுப்பிட்டியிலும் குச்சவெளியிலும் வந்து எடுக்கட்டும். சந்தை முகப்பில், பள்ளிக்கூட வாசலில், எல்லோரும் பார்க்கும்படி எடுக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்று தொல்லை கொடுப்பார்கள், கொடுக்கட்டும். வெளிச்சத்தட்டைப் பிடிக்க ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நிலாவெளிக்கு வந்து விளம்பரப் படம் எடுக்கிறவர்களிடம் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம். ஒரு நாள், ஒரு வகுப்பு மாணவர்கள் நின்று பார்க்க இடம் கொடுக்கவேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூடமும் முஸ்லிம் பள்ளிக்கூடமும் சேர்ந்து அனுப்பட்டும். பெண்பிள்ளைகளையும் அனுப்பவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கரையில் வேலை செய்கிற பெண்கள் என்ன காண்கிறார்கள் என்பதை எவரும் இன்னும் திரையில் சொல்லவில்லை.

எடுப்பதைப்போலவே எடுத்ததைக் காப்பதும் அவசரம். ஹெந்தளையில் எரிந்தவை திரும்பவில்லை. 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் மூல நெகட்டிவ்கள்கூட இல்லாமல் போய்விட்டன என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் மனம் நொந்து பேசினார். தேசிய விருது பெற்ற படங்களுக்கே அந்த நிலை. இந்தக் கரையின் பழைய முகம் எங்காவது அசையும் படமாக இருக்கிறது என்றால் அது 80களிலும் 90களிலும் எடுத்த கல்யாண வீடியோ கஸட்டுகளில்தான் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் வரும் ஊர்வலத்துக்குப் பின்னால், சுனாமிக்கு முந்திய வீடுகளும் வேலிகளும் தென்னைகளும் தெருவும் அவற்றில் பதிந்திருக்கும். இன்று இல்லாதவர்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், ஓடவிட்டால் அறும். இந்தப் பகுதியிலிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் வீடுகளில் அதே கஸட்டின் இன்னொரு பிரதி நல்ல நிலையில் இருக்கக்கூடும். அலுமாரியைத் திறந்து பாருங்கள். நாடா ஒட்டியிருந்தால் பிளேயரில் போட்டு ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கு அனுப்புங்கள். குச்சவெளியில் அடுத்து கமெரா தூக்கப்போகும் பிள்ளைக்குத் தன் ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க அதைத் தவிர வேறு சுருள் கிடையாது.